தாத்தா ஓட்டு போட்டாரா?

கேள்வி: ஐயா, மூணு இதழா அமெரிக்க வரலாறு, அதோட திருப்புமுனைகள்னு எழுதித் தள்ளிட்டு இருக்கீங்க. ஊரான் வீட்டு தாத்தா கதையைப் படிச்சு நமக்கு என்ன ஆகப்போகுது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கோவமா ஒரு பதில் டைப் பண்ணி வச்சிருந்தேன் சார். அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்க கேள்விய இன்னொரு தடவ படிச்சேன், அந்த 'தாத்தா' கண்ணுல பட்டாரு, டைப் பண்ணத மொத்தமா அழிச்சுட்டேன். ஏன்னா அமெரிக்க வரலாறுல தாத்தாங்கறது வெறும் ஒறவு இல்ல, சட்டம். நெஜமாவே.

1898ல லூசியானா மாநிலத்துல புதுசா அரசியல் சாசனம் எழுத ஒக்காந்தாங்க. கறுப்பின மக்கள் ஓட்டுப் போடக் கூடாது, அதுக்குத்தான் அத்தன பேரும் கூடினதே. ஆனா அத அப்படியே எழுத முடியாது, 1870லயே அமெரிக்க நாட்டு அரசியல் சாசனத்துக்கு 15வது திருத்தம் வந்து, இனம், நிறம், முன்ன அடிமையா இருந்தது, இதெல்லாம் காட்டி யாரோட ஓட்டையும் புடுங்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. சரி சுத்தி வளைச்சுப் போவோம்னு, எழுதப் படிக்கத் தெரியணும், இல்லன்னா 300 டாலருக்கு சொத்து இருக்கணும்னு போட்டாங்க. அதுல ஒரு சிக்கல், படிக்கத் தெரியாத, சொத்தும் இல்லாத வெள்ளக்காரன் ஊர்ல நெறைய இருக்கான், அவன் ஓட்டும் சேர்ந்துல்ல போயிடும்? அங்கதான் தாத்தாவ கூட்டிட்டு வந்தாங்க. 1867 ஜனவரி 1ஆம் தேதியோ அதுக்கு முன்னாடியோ ஓட்டுரிமை இருந்தவனா நீ? இல்ல அப்படிப்பட்டவனோட மகனா, பேரனா? அப்ப உனக்குப் பரிட்சையும் வேணாம் சொத்தும் வேணாம், பேர எழுதிட்டுப் போ. ஏன் அந்தத் தேதின்னா, தெற்கு மாநிலங்கள்ல கறுப்பர் ஓட்டுப் போட வழி பண்ணின சட்டம் அந்த வருஷம் மார்ச்சுலதான் வந்துச்சு. ரெண்டே மாசம் முந்தி கோடு கிழிச்சாங்க. அந்த ஷரத்த எப்படித் திருப்பித் திருப்பிப் படிச்சாலும் கறுப்புன்னு ஒரு வார்த்த கெடைக்காது, தேதியும் தாத்தாவும்தான் இருப்பாங்க.

நம்ம ஊர்ல தாத்தா பேர வைக்கறதாலதான் அவன் பேரன். லூசியானால தாத்தா பேர சொல்லி ஓட்டே வாங்கிக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் தாத்தா பேர சொல்லி ஓட்டு வாங்கறவங்க இருக்காங்களேன்னு நீங்க மனசுல நெனைக்கறது எனக்குக் கேக்குது, நான் அத சொல்லல, போன தேர்தல் சமயத்துல இதே பக்கத்துல சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்.

வீட்டுல ஐடி கம்பெனிக்குப் போறவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. பழைய கஸ்டமர பழைய ரேட்லயே விட்டுட்டு புதுசா வர்றவனுக்கு மட்டும் ரேட்ட ஏத்தினா அதுக்கு கிராண்ட்ஃபாதரிங்னு பேரு. அந்த வார்த்த இந்தத் தாத்தா கிட்டேருந்து வந்ததுதான். நம்ம பத்திரிகைக்கு சந்தா ஏத்தினப்ப எங்க மேனேஜர் அந்த வார்த்தைய போட்டு ஒரு சர்க்குலர் கொண்டு வந்தாரு, நான் அவர ஒக்கார வச்சு லூசியானா கதைய முக்கால் மணி நேரம் சொன்னேன், அவரு "பழைய சந்தாதாரருக்குப் பழைய ரேட்டுன்னு மாத்திடறேன் சார்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட எந்த சர்க்குலரும் வர்றதில்ல.

சரி, அந்தத் தாத்தாவால என்ன ஆச்சு? 1896ல லூசியானா வாக்காளர் பட்டியல்ல கறுப்பினத்தவர் 1,30,000 பேருக்கு மேல இருந்தாங்க. 1904ல 1,342. எட்டே வருஷம் சார். யாரையும் நாடு கடத்தல, அதே ஊர்ல அதே வீட்டுலதான் இருந்தாங்க, பட்டியல்ல மட்டும் இல்ல. ஓக்லஹோமா மாநிலமும் இதே மாதிரி ஒரு தாத்தாவ வச்சிருந்துச்சு, 1915ல சுப்ரீம் கோர்ட் அவர தூக்கிடுச்சு. ஓக்லஹோமாக்காரங்க அடுத்த வருஷமே புதுசா ஒண்ணு கொண்டு வந்தாங்க, 1914 தேர்தல்ல ஓட்டுப் போட்டவன் தானா பட்டியல்ல இருப்பான், மத்தவனுக்கு 12 நாள் டைம், அதுக்குள்ள பதியலன்னா ஆயுசுக்கும் கெடையாது. 1914ல யாரு ஓட்டுப் போட்டாங்க? தாத்தா உள்ள விட்டவங்கதான். இத தூக்க 1939 ஆச்சு.

இப்ப உங்க கேள்வில இருக்கற இன்னொரு வார்த்த, திருப்புமுனை. எனக்கு ஆகவே ஆகாத வார்த்த அது, தலைப்புல போட்டது நான் இல்ல, உதவி ஆசிரியர். உங்க ஊர்லேருந்து ஏற்காடு ஏறினா 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு நட்டிருப்பான். பரிட்சை கைடு போடறவங்க வரலாறையும் அப்படித்தான் நெனைக்கறாங்க, 1776 ஒரு வளைவு, 1861 ஒரு வளைவு, 1929 ஒரு வளைவு, அஞ்சு மார்க். நெஜ வளைவுல போர்டு இருக்காது. 1876 ஜனாதிபதி தேர்தல்ல ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டில்டனுக்கு 184 தேர்வாளர் ஓட்டு (அங்க ஜனாதிபதிய முடிவு பண்றது மாநிலங்கள் அனுப்பற இந்தத் தேர்வாளருங்கதான்), ஜெயிக்க வேண்டியது 185, ஒண்ணு கம்மி, 20 ஓட்டு தகராறுல கெடக்குது. 15 பேரு கமிஷன் போட்டாங்க, அந்த 20ஐயும் 8க்கு 7னு எதிராளி, குடியரசுக் கட்சி ஹேய்ஸுக்கே எழுதிட்டாங்க. இதுக்கு நடுவுல 1877 பிப்ரவரில வாஷிங்டன்ல வோர்ம்லி ஹோட்டல்ல ரெண்டு தரப்பு ஆளுங்களும் ஒக்காந்து பேசறாங்க. ஹேய்ஸ் ஜனாதிபதி ஆகட்டும், தெற்குல நிக்கற ராணுவம் விலகட்டும்ங்கறதுதான் பேச்சு. அங்க எவ்ளோ தூரம் பேரம் படிஞ்சுதுன்னு இன்னிக்கும் வரலாற்றாசிரியருங்க அடிச்சுக்கறாங்க. ஆனா ஏப்ரல்ல சவுத் கரோலினா, லூசியானா சட்டசபைக் கட்டடங்கள்ல காவல் நின்ன மத்திய ராணுவம் விலகிடுச்சு, அடிமைத்தனம் ஒழிஞ்ச பிறகு கெடைச்ச ஓட்டுரிமைக்குக் காவலும் அதோட போச்சு, தாத்தா வர்றதுக்கு வழி தொறந்தாச்சு. அந்த ஹோட்டல் முதலாளி ஜேம்ஸ் வோர்ம்லி யாரு தெரியுமா? கறுப்பினத்தவர். அவரு ஹோட்டல்லதான் பேசினாங்க. தெற்குலேருந்து வந்த கறுப்பின எம்.பி.க்கள்ல அந்தக் காலத்துக் கடைசி ஆளு 1901ல பதவி முடிஞ்சு போனாரு. தெற்குலேருந்து அடுத்தவங்க உள்ள வர 1973 ஆச்சு. கைடுல 1877க்கு எத்தன மார்க்குன்னு பாத்து சொல்லுங்க.

இந்த எடத்துல வழக்கமா ஒரு வாசகர் லெட்டர் போடுவாரு, "பாஸ்டன் துறைமுகத்துல கடல்ல கொட்டினது நம்ம டீ, அத ஏன் எழுத மாட்டேங்கறீங்க"ன்னு. ஆறு வருஷமா இந்த சண்ட. ஐயா, மறுபடியும் சொல்றேன், 1773 டிசம்பர் 16ஆம் தேதி ராத்திரி கொட்டின 342 பெட்டியும் சீனா டீ. டீய அனுப்பின கிழக்கிந்தியக் கம்பெனி பேருல இந்தியா இருந்துச்சு, பெட்டில இல்ல. அசாம் டீ லண்டன் ஏலத்துக்குப் போனதே 1839லதான். நீலகிரி டீய கொட்டியிருந்தா நானும் பெருமப்பட்டிருப்பேன், நான் காபி கட்சியா இருந்தாலும். அந்த வருஷம் பிரிட்டிஷ்காரங்க போட்ட டீ சட்டத்தால டீ வெல கொறஞ்சுது, ஏறல, வெல கொறஞ்சும் மூணு பென்னி வரிய ஒத்துக்க மாட்டேன்னு கொட்டினாங்க, இத சொன்னா அவருக்கு இன்னும் கோவம் வரும்.

எங்கயோ போயிட்டேன். ஊரான் வீட்டு தாத்தான்னீங்கல்ல? 1781 அக்டோபர்ல யார்க்டவுன்ல வாஷிங்டன் கிட்ட சரணடைஞ்ச பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ். சரணடையற அன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு, வாள குடுக்க வேற ஒருத்தர அனுப்பி வச்சாரு. அப்படித் தோத்தவரு வீட்டுல ஒக்காந்திருக்க வேண்டியதுதானே? 1786ல கவர்னர் ஜெனரலா இந்தியா வந்தாரு. 1792ல திப்புவ மடக்கி பாதி ராஜ்யத்த எழுதி வாங்கினாரு, பாரமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்), திண்டுக்கல், அதோட நீங்க ஒக்காந்து இந்தக் கேள்விய எழுதின சேலம். அங்க கோட்ட விட்டத இங்க புடிச்சாரு. உங்க கொள்ளுத் தாத்தாவோட தாத்தா திடீர்னு ஒரு நாள் கம்பெனிக்கு வரி கட்ட ஆரம்பிச்சாரே, அது இந்த ஊரான் வீட்டுக் கதையோட அடுத்த பாகம்.

சென்னை வந்தா கோட்டை மியூசியம் போங்க, ஆளு செலையா நிக்கறாரு. பீடத்துல திப்புவோட ரெண்டு பசங்கள பணயமா ஒப்படைக்கற காட்சிய செதுக்கி வச்சிருக்காங்க. யார்க்டவுன செதுக்க யாருக்கும் தோணல போலிருக்கு. வாசல்ல செக்கிங் இருக்கும், பைய தொறந்து பாப்பாங்க. தாத்தா பேரு கேக்க மாட்டாங்க, பயப்படாம போயிட்டு வாங்க.