முயலும் பூனையும், புழுவும் குளவியும்

கடிதம்

அன்பின் சேர்,

போன மாதம் பண்டாரவளையில் இளம் ஆய்வாளர்களுக்கான மூன்று நாள் வதிவிடப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். உயிரியல் மாதிரியாக்கம், அதாவது உயிர்கள் கூடுவதையும் குறைவதையும் கணக்காக எழுதிப் பார்ப்பது. நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டவள். முதல் நாள் காலையிலேயே கனடாவின் முயலையும் லிங்ஸ் என்ற காட்டுப் பூனையையும் பற்றி இரண்டு சமன்பாடுகளைத் திரையில் போட்டார்கள். பின்னேரம் எல்லோரும் மடிக்கணினியில் வளைகோடு வரைந்தார்கள். எனக்கும் வந்தது, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து அப்படியே தட்டியதால். என்ன செய்தேன் என்று கேட்டால் தெரியாது. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். "மூணு நாளா என்னா படிச்ச?" என்று கேட்டார். "முயலும் பூனையும்" என்றேன். சிரித்துவிட்டார். இந்தத் துறையில் எனக்கு இடமிருக்கிறதா, சேர்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்

அன்பின் மகளுக்கு,

அம்மா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. பண்டாரவளையில் உட்கார்ந்துகொண்டு எதற்குக் கனடாவுக்குப் போனார்கள்? ஜன்னலைத் திறந்தால் தேயிலை. அதே இரண்டு சமன்பாட்டுக்கும் ஒரு கதை அங்கேயே கிடக்கிறது.

தேயிலை இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி, உள்ளே இருந்துகொண்டு தின்னும் ஒரு புழு. அம்மாவிடம் கேளுங்கள், கையில் பட்டிருக்கும். 1935, 36இல் அதை அடக்க ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். (குளவி என்றதும் மலையில் எல்லோருக்கும் அடிவயிறு கலங்கும். நிரையில் நிற்கும் ஆட்களைத் துரத்திக் கொட்டும் அந்தச் சாதி வேறு. இது புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வருவது புழுவைத் தின்று வளரும்.) புழு அடங்கியது. பிறகு 1950களில் கிளையில் துளை போடும் ஒரு சிறு வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது. அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மறுபடி கிளம்பிவிட்டது.

இனி உங்கள் திரைக்கு வருவோம். அந்த இரண்டு சமன்பாடுகளில் ஒன்று இரை எப்படிக் கூடிக் குறையும் என்று சொல்லும், மற்றது அதைத் தின்னும் பிராணி எப்படிக் கூடிக் குறையும் என்று சொல்லும். அவற்றை எழுதியவர்களில் ஒருவர் வொல்தெரா, இத்தாலியக் கணிதர். அவர் எழுதியது 1926இல். அவருடைய மருமகன் டன்கோனா கடலுயிர்களை ஆராய்ந்தவர். முதலாம் உலகப் போரில் மீன்பிடி குறைந்த காலத்தில், அத்ரியாத்திக் கரைச் சந்தைகளுக்கு வந்த மீனில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. ஏன் என்று மாமனாரிடம் கேட்டார். மாமனார் கணக்கில் இறங்கினார்.

அதைத் தேயிலையில் போட்டுப் பாருங்கள். எண்கள் என் கற்பனை. குளவி வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து சாகிறது, அதாவது 0.1. மலையின் ஒரு துண்டில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் குளவியின் பெருக்க வேகத்தில் 0.001 கூட்டுகிறது. குளவி கூடாமல் குறையாமல் நிற்க எத்தனை புழு வேண்டும்? 0.1ஐ 0.001ஆல் வகுங்கள். 100. புழுவின் எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் அதன் சராசரி இதுதான். புழு எவ்வளவு வேகமாகப் பெருகும் என்ற விபரமே இந்த 100க்குள் வரவில்லை, கவனித்தீர்களா? இனி மருந்து. புழு, குளவி இரண்டிலும் வாரத்துக்கு இன்னும் நூற்றுக்கு ஐந்தைக் கொல்கிறது என்று வையுங்கள். குளவியின் சாவு 0.15 ஆகிறது. வகுத்தால் 150. புழுவின் பெருக்கம் அந்த மருந்தைத் தாங்கும் மட்டும், புழுவையும் கொல்லும் மருந்தை அடித்து அதன் சராசரியை ஒன்றரை மடங்காக்கியிருக்கிறோம்! மருந்து குளவியை இன்னும் கூடுதலாகக் கொன்றால் நிலைமை இதைவிட மோசம்.

நான் முப்பது வருடம் இணைந்த கணிதம் படிப்பித்தவன். வகையீட்டுச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனை தரம் தீர்த்திருப்பேன்! அந்த x எந்தப் பிராணி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்கள் உயிரைப் படித்துக் கணக்கை விட்டீர்கள். நான் கணக்கைப் படித்து உயிரை விட்டேன். (இந்த வசனத்தை வேறு மாதிரி வாசிக்க வேண்டாம்.) பதினாறு வயதில் பிள்ளைகளை இப்படி இரண்டாக வெட்டிவிட்டு, பத்து வருடம் கழித்து மூன்று நாளில் ஒட்டப் பார்க்கிறோம்.

இன்னொன்று. ஜாவாக் குளவி இங்கே வந்த அதே 1935இல், ஆஸ்திரேலியாவில் நிக்கல்சன் என்ற பூச்சியியலாளரும் பெய்லி என்ற இயற்பியலாளரும் இப்படிப்பட்ட குளவிகளுக்கென்றே ஒரு கணித மாதிரி செய்தார்கள். அதை ஓடவிட்டால் ஏற்ற இறக்கம் பெருத்துக்கொண்டே போய்க் கடைசியில் புழுவும் குளவியும் அழியும். மலையில் அப்படி நடக்கவில்லை. அப்படியானால் மாதிரியில் எதையோ விட்டிருக்கிறார்கள். குளவி எல்லாச் செடியையும் ஒரே மாதிரி தேடுமா? கண்ணில் படாமல் தப்பும் புழு எத்தனை? பிறகு வந்தவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். உங்கள் பட்டறையில் முதல் நாள் முழுக்க இந்த வாக்குவாதத்துக்கே கொடுத்திருக்கலாம். விரிவுரை கேட்க மலையேறி வந்து தங்க வேண்டியதில்லையே. சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்கத்தானே தங்குவது?

இடமிருக்கிறதா என்று கேட்டீர்கள். டன்கோனாவின் இடம் இருக்கிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்துக் கணக்கிலிருந்து தப்ப விடமாட்டேன். மேலே செய்த வகுத்தல் உங்களுக்கு விளங்கியிருந்தால் மிச்சமும் விளங்கும், ஒரு வருடம் பிடிக்கும். அடுத்த பட்டறைக்குப் போகும்போது உங்கள் பூச்சியோடு போங்கள். கணிதம் படித்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்குப் புழு எத்தனை நாளில் கூட்டுப்புழு ஆகும் என்று தெரியாது, உங்களிடம் கேட்டே ஆகவேண்டும்.

அதற்கு முன் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் புழு, குளவி, மருந்து என்று பெட்டிகளும், எது எதைக் கூட்டும் அல்லது குறைக்கும் என்று அம்புக்குறிகளும் போடுங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தடித்த பிறகு எத்தனை வாரத்தில் இலை மறுபடி ஒட்டத் தொடங்குகிறது என்று கேளுங்கள். படத்தைத் தமிழிலேயே எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மருந்திலிருந்து புறப்படும் அம்பு எத்தனை பெட்டியைத் தொடுகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.