முள் துள்ளினால் உடனே என்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: வாரந்தோறும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போய் வருகிறேன். பழைய பெட்ரோல் கார். இறக்கத்தில் டெம்பரேச்சர் முள் அடிக்கோட்டுக்கே போய்விடுகிறது. திரும்பி ஏறும்போது குஞ்சப்பனைக்கு மேலே சில வளைவுகளில் சிவப்புக் கோட்டை நோக்கித் திடீரென்று பாய்ந்து, அடுத்த கணமே நடுவுக்கு வந்துவிடுகிறது. சென்சாரை மாற்றியும் பயனில்லை. ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, கோத்தகிரி)

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. சேர்த்துப் பார்ப்பதால்தான் ஹெட் கேஸ்கெட் வரை பேச்சு போகிறது.

முதலில் இறக்கம். கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய என்ஜின்களில் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். எரிதல் இல்லை, சூடும் இல்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அந்த நேரத்தில் அது மூடிக்கொண்டு, இருக்கும் சூட்டைக் காக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, ஃபேனில் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலைக் குளிரில் என்ஜின் சூடேறாமலே ஓடும்; பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் ஆயிலும் சீக்கிரம் கெடும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது நல்ல பழக்கம். ஆனால் கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 82 டிகிரி என்று பொறித்திருக்கும் வால்வு அங்கே திறக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். முழுதாகத் திறப்பதைப் பார்க்க முடியாமல் போகலாம். அதற்காக அதைப் பழுது என்று ஒதுக்க வேண்டாம்.

இனி ஏற்றம். இதுதான் கவனிக்க வேண்டியது. என்ஜினுக்குள் இருக்கும் அத்தனை கூலன்டும் உலோகமும் ஒரு கணத்தில் சூடாகி அடுத்த கணத்தில் ஆறிவிடாது. உண்மையான சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். முள் துள்ளினால் சென்சாரைக் காற்றோ நீராவியோ தொடுகிறது, இல்லையென்றால் மின் இணைப்பில் கோளாறு.

குன்னூரில் என் பட்டறைக்கு இப்படி வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கூலன்ட் அளவு. அது குறைந்திருந்தால் உள்ளே காற்று தங்கும். ஏற்றத்தில் வண்டி சாயும்போது அந்தக் காற்று சென்சார் பக்கம் நகரும். என்ஜின் முழுதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரிசர்வ் டேங்க் நிறைந்திருக்கிறது என்று நம்பித் திறக்காமல் விடுவதும் தவறு, ரேடியேட்டரில் குறைந்திருக்கலாம். அந்த மூடியின் ரப்பரையும் பாருங்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துவது அதுதான். பல கார்களில் ஃபேன் சுழலத் தொடங்குவது 95 டிகிரியை ஒட்டித்தான். மூடி தளர்ந்து, உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், மலை உயரத்தில் ஃபேன் ஓடும் முன்பே கொதித்துவிடும். சமவெளியில் சாதுவாக இருக்கும் வண்டி கோத்தகிரி ஏறும்போது மட்டும் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு சரியாக இருந்தால் மின் இணைப்பு. வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் உங்கள் ஊரில் எதையும் உலர விடுவதில்லை. சென்சாரின் கப்ளரை (ஒயரை இணைக்கும் பிளக்கை) கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சைப் பூப்பு இருந்தால் புதுச் சென்சார் போட்டும் பயனில்லாமல் போனதன் காரணம் தெரிந்துவிடும். நின்ற இடத்தில் ஹெட்லைட்டையும் புளோயரையும் ஒரே நேரத்தில் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் ஒயர் தளர்ந்திருக்கிறது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும் மெக்கானிக்கிடம் வெப்பநிலையை எண்ணாகவே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் முள், ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் எது வந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது; ஸ்கேனரில் தெரியும் எண் எதையும் மறைக்காது.

ஹெட் கேஸ்கெட்டா என்பதை இவற்றுக்குப் பிறகு பார்க்கலாம். கூலன்ட் மீண்டும் மீண்டும் குறைந்து, வெளியே கசிவே தெரியாமல், குளிர்ந்த வண்டியை மூடி திறந்தபடி கிளப்பும்போது குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் மட்டும், அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதன் முடிவைக் கண்ணால் பார்க்காமல் என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

கேள்வி: ஊட்டியில் வெயில் கடுமையில்லையே, ரேடியேட்டரில் கூலன்ட் எதற்கு? தண்ணீர் போதாதா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: போதாது. கூலன்டின் வேலை வெயிலைச் சமாளிப்பது மட்டும் அல்ல. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உங்கள் ஊரில் உறைபனி விழுகிறது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அதைவிட முக்கியம் துரு. வெறும் தண்ணீர் அலுமினியத்தையும் வாட்டர் பம்ப்பையும் அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதி கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். பழைய தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால், தெளியும் வரை அலசிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.