நடுராத்திரியில் எழுப்பும் பெட்டி: வாசகர் கேள்வி-பதில்

புயல் காலத்துக்கு வீட்டில் என்னென்ன எடுத்து வைக்கலாம் என்று போன இதழில் எழுதியபோது, போகிற போக்கில் ‘ஒரு வெதர் ரேடியோவும் இருக்கட்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். டார்ச், தண்ணீர் கேன் விஷயத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை போலிருக்கிறது. சரி, இந்த முறை ரேடியோ மட்டும்: நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பு ஒலிபரப்பும் வானிலைச் செய்தியையும் எச்சரிக்கையையும் பிடித்துச் சொல்லும் பெட்டி.

கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கினேன். எஃப்.எம். அருமையாகக் கேட்கிறது. ‘வெதர்’ பக்கம் தள்ளினால் வெறும் இரைச்சல்தான். திருப்பிக் கொடுத்துவிடலாமா?
வாசகர், பிளேனோ, டெக்சஸ்

அவசரப்படாதீர்கள். எஃப்.எம். 108 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. நோவா வெதர் ரேடியோ அதற்கு வெகு மேலே, 162.400 தொடங்கி 162.550 வரை ஏழே ஏழு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் சாதாரண ரேடியோவில் எவ்வளவு திருகினாலும் அது அகப்படாது. உங்கள் பெட்டியில் 1 முதல் 7 வரை எண்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி நின்று கேளுங்கள். ஏதாவது ஒன்றில் ஒரு கம்ப்யூட்டர் குரல் வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் என்று ராத்திரி பகல் பார்க்காமல் ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

இந்த எண்களில் ஒரு குழப்பம் உண்டு. சில ரேடியோக்களில் 162.550 தான் முதல் எண், வேறு சிலவற்றில் 162.400 முதல் எண். நண்பர் சொன்னார் என்று அவருடைய எண்ணை வைக்காமல், கையேட்டில் எந்த எண்ணுக்கு எந்த மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் டல்லஸ் நிலையம் 162.400, ஃபோர்ட் வொர்த் நிலையம் 162.550, இரண்டுமே காதில் விழ வாய்ப்புண்டு. சத்தமாகக் கேட்பதுதான் உங்களுடையது என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொரு நிலையமும் தன் பட்டியலில் உள்ள கவுண்டிகளுக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மட்டுமே எச்சரிக்கை அனுப்பும். அந்தப் பட்டியல் தேசிய வானிலை சேவையின் இணையதளத்தில் இருக்கிறது, கவுண்டி பெயரைப் போட்டுத் தேடினால் நிலையம், அலைவரிசை, கோட் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும்.

அப்புறம் ஆன்டெனா. எஃப்.எம். பக்கத்து டவரிலிருந்து கொட்டுவதால் மடக்கி வைத்தாலும் பாடும். இது நாற்பது மைல் தள்ளி இருக்கும் டவராகவும் இருக்கலாம். ஜன்னல் பக்கம் வைத்து, ஆன்டெனாவை நேர்குத்தாக நிறுத்தி, சுமார் 46 சென்டிமீட்டர் இழுங்கள், அதாவது ஒன்றரை அடி. இந்த அலைக்கு அதுதான் கணக்கான நீளம். உங்கள் ரேடியோவின் ஆன்டெனா அதைவிடக் குட்டை என்றால் முழுக்க இழுத்துவிட வேண்டியதுதான்.

என் வீட்டில் இரைச்சலுக்குக் காரணம் வேறு. சமையலறை மேடையில்தான் ரேடியோ, மேலே அலமாரிக்கு அடியில் ஒட்டிய எல்.இ.டி. விளக்கு. விளக்கைப் போட்டால் ‘கர்ர்ர்’, அணைத்தால் கண்ணாடி மாதிரி குரல். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதற்குள் ரேடியோவை எத்தனை முறை திட்டினேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். போன் சார்ஜரும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ‘வெதர் பேண்ட்’ என்று போட்டிருந்தால் நீங்கள் போட்டுக் கேட்டால் பேசும், அவ்வளவுதான். ‘வெதர் அலர்ட்’ என்று போட்டிருந்தால்தான் தானாக அலறும். சும்மா இருக்கும்போதும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, நிலையம் அனுப்பும் 1050 ஹெர்ட்ஸ் ஒலி வந்ததும் கத்தும். முதல் வகையை வைத்துக்கொண்டு தூங்கப் போவதும் ரேடியோ இல்லாமல் தூங்கப் போவதும் ஒன்றுதான்.

எங்கள் ரேடியோ மூன்று மணிக்கு அலறுகிறது, எழுந்து பார்த்தால் எழுபது மைல் தள்ளி எங்கோ மழை. இரண்டு தடவை பொறுத்த என் கணவர் மூன்றாவது தடவை பேட்டரியையே உருவிவிட்டார். என்ன செய்ய?
வாசகி, ராலே, நார்த் கரோலினா

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வேண்டாததற்கெல்லாம் எழுப்பும் ரேடியோவை எந்த வீட்டிலும் அணைக்கத்தான் செய்வார்கள், அப்புறம் வேண்டிய ராத்திரியில் அது அணைந்தே கிடக்கும். என்னைக் கேட்டால், இந்த ரேடியோவில் மற்ற வசதிகளெல்லாம் இருக்கட்டும், அணைக்கத் தோன்றாத மாதிரி அதைச் செட் பண்ணுவதுதான் முக்கால்வாசி வேலை.

அதற்காகவே இருப்பது ‘சேம்’ கோட். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் முன்னால் பழைய ஃபேக்ஸ் மெஷின் மாதிரி மூன்று தடவை ‘க்ர்ரீச்’ என்று கேட்கும், கவனித்திருப்பீர்கள். அந்தக் கிறீச்சலுக்குள்தான் என்ன ஆபத்து, எந்தக் கவுண்டி, எவ்வளவு நேரம் என்ற தகவல் இருக்கிறது. சேம் வசதி உள்ள ரேடியோ அதைப் படித்துப் பார்த்து, நம் கவுண்டி இல்லை என்றால் வாயைத் திறக்காது.

கோட் ஆறு இலக்கம். உங்கள் வேக் கவுண்டிக்கு 037183. முதல் பூஜ்யம் முழு கவுண்டி என்பதற்கு, 37 மாநிலம், 183 கவுண்டி. மெனுவில் ‘எனி’, ‘சிங்கிள்’, ‘மல்டிபிள்’ என்று மூன்று இருக்கும். வாங்கி வந்தபடியே விட்டால் பெரும்பாலும் ‘எனி’யில் இருக்கும், உங்கள் வீட்டு மூன்று மணிக் கச்சேரிக்கு அதுதான் காரணமாக இருக்கும். ‘மல்டிபிள்’ வைத்து உங்கள் கவுண்டியோடு மேற்கே இருக்கும் சாட்டம் (Chatham) கவுண்டியையும், 037037, சேர்த்துக்கொள்ளுங்கள். இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வருகிறது, கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். ஆசைப்பட்டு ஐந்தாறு கவுண்டி சேர்த்தால் பழைய கதைதான்.

சில மாடல்களில் எந்தெந்த ஆபத்துக்கு அலற வேண்டும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். ‘வாட்ச்’ என்றால் வர வாய்ப்பிருக்கிறது, ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டே இருக்கிறது. நான் இடிமழை வாட்சை அணைத்து வைத்திருக்கிறேன், வார்னிங் ஒன்றைக்கூடத் தொடவில்லை. டொர்னாடோ வார்னிங்கை அணைக்கவே விடாத ரேடியோக்களும் உண்டு, நல்லதுதான்.

உங்கள் ரேடியோவில் கோட் போட இடமே இல்லை என்றால், அது கையடக்க மாடலாகத்தான் இருக்கும், அவற்றில் பலவற்றில் சேம் கிடையாது. அதை மின்தடைக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொண்டு, படுக்கையறைக்குக் கோட் போடும் ஒன்றை வாங்குங்கள், பிளக்கில் ஓடி கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறுகிற மாதிரி.

போனில்தான் எல்லா எச்சரிக்கையும் வருகிறதே, இது எதற்குத் தண்டச் செலவு?
வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது உங்கள் மாநிலம் பட்ட பாடு நினைவிருக்கும். பாதிக்கப்பட்ட பகுதிகளில் சுமார் நான்கில் ஒரு செல் டவர் படுத்துவிட்டது. டவர் இல்லை என்றால் போன் வெறும் கைவிளக்கு. இன்னொன்று, போனுக்கு வரும் அவசரச் செய்தி எல்லா இடிமழை வார்னிங்குக்கும் வருவதில்லை. 2021-லிருந்து, மணிக்கு 80 மைல் காற்று அல்லது பேஸ்பால் அளவு ஆலங்கட்டி எதிர்பார்க்கும் ரகத்துக்கு மட்டும்தான் போன் அலறுகிறது. 65 மைல் காற்றில் மரம் கூரை மேல் விழாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

போனுக்கு ஒரு பெருமை உண்டு, மறைக்கக்கூடாது. ஆபத்துள்ள பகுதியை வரைபடத்தில் கோடு போட்டு அதற்குள் இருப்பவர்களைக் குறி வைக்கிறது. ரேடியோவுக்குக் கவுண்டி வரைதான் தெரியும், பெரிய கவுண்டி என்றால் மறு கோடியில் நடப்பதற்கும் அலறும். ஆகவே இரண்டும் இருக்கட்டும். தெருவில் சைரன் ஊதுமே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது, ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்குகிறவரை எழுப்புவதற்கு இல்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பகலில் வீட்டில் தனியாக இருப்பார், ஆங்கிலம் தெரியாது. ரேடியோ அலறினால் அவருக்கு என்ன புரியும்?
வாசகி, அட்லாண்டாவுக்கு அருகில்

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நோவா ரேடியோ ஆங்கிலத்தில்தான் பேசும், சில இடங்களில் ஸ்பானிஷ். தமிழுக்கு நாம்தான் வழி பண்ணிக்கொள்ள வேண்டும்.

பல மாடல்களில் வார்னிங்குக்குச் சிவப்பு விளக்கு, வாட்சுக்கு ஆரஞ்சு அல்லது மஞ்சள் எரியும். அம்மாவுக்குச் சிவப்பை மட்டும் சொல்லிக் கொடுங்கள். திரையில் எழுத்து வரும். அதில் டொர்னாடோவுக்கு ‘டி’யில் (T) தொடங்கும், வெள்ளத்துக்கு ‘எஃப்’பில் (F) தொடங்கும். இந்த இரண்டு எழுத்தையும் பெரிதாக வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதி ரேடியோ மேலேயே ஒட்டிவிடுங்கள். டி என்றால் கீழே: பேஸ்மென்ட், அது இல்லையென்றால் தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத குளியலறை அல்லது அலமாரி அறை. எஃப் என்றால் மேலே, பேஸ்மென்ட் பக்கமே போகக்கூடாது. இரண்டும் நேர் எதிர் என்பதால்தான் எழுத்து முக்கியம், சும்மா ‘சத்தம் வந்தால் பத்திரமா இரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போனால் அவர் பயந்துகொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார்.

ஒத்திகைக்கு அரசாங்கமே வசதி செய்து தருகிறது. வாரா வாரம் சோதனை ஒலிபரப்பு உண்டு, பெரும்பாலும் புதன்கிழமை பகலில், வானிலை மோசமாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். ஒரு புதன்கிழமை லீவு போட்டு, அல்லது வீட்டிலிருந்து வேலை பார்த்து, அது வரும்போது அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். சில ரேடியோக்கள் சோதனைக்கு அலறாமல் விளக்கை மட்டும் சிமிட்டும், மெனுவில் மாற்ற முடிகிறதா பாருங்கள். பல நாளாகச் சோதனையே வரவில்லை என்றால் உங்கள் அலைவரிசையோ கோடோ தப்பு.

கைப்பிடி சுற்றுவது, சூரிய ஒளி, பேட்டரி: எதை நம்பலாம்?
வாசகர், ஹூஸ்டன்

பேட்டரியை. கைப்பிடியை ஒரு நிமிடம் சுற்றினால் ஒரு செய்தி கேட்கும் அளவுக்குப் பேசும், வேறு வழியே இல்லாதபோது நல்லதுதான், ஆனால் அதில் போனை நிரப்பலாம் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி உட்கார்ந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். மேலே இருக்கும் சின்னச் சூரியத் தகடு நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் கொஞ்சமாகத்தான் சேர்க்கும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யு.எஸ்.பி.யில் நிரப்பி வையுங்கள்.

சாதாரண ஏ.ஏ. செல் போடுகிறவர்கள் கவனிக்க: அலர்ட்டில் விட்டால் ரேடியோ சும்மா இருப்பது போல் தெரிந்தாலும் செல்லைத் தின்றுகொண்டுதான் இருக்கும். பிளக்கிலேயே இருக்கிறதே என்று என் பழைய ரேடியோவை மூன்று வருடம் திறந்து பார்க்கவே இல்லை. ஒரு நாள் கரண்ட் போனது, ரேடியோவும் சேர்ந்து போனது. மூடியைத் திறந்தால் செல் கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் நுரைத்து விட்டுவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு துடைத்துக் காயவிட வேண்டும். என்னுடையதில் ஒரு ஸ்பிரிங் அரித்து உடைந்தேவிட்டது.

இதைச் சென்னைக்கு எடுத்துப் போய் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?
வாசகர், சான் ஹோசே

பாட்டுக் கேட்கக் கொடுக்கலாம். வெதர் பட்டனை அழுத்தினால் அங்கே இரைச்சல்தான், இந்தச் சேவை அங்கே கிடையாது. மீடியம் வேவ் கேட்க ட்யூனிங் இடைவெளியை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 9-க்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் டிஜிட்டல் ரேடியோவில் நிலையங்கள் சரியாக நிற்காது. பிளக் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்றால் அங்கே செருகிய நிமிடமே புகைதான்.

காரில் மாநிலம் மாநிலமாகப் போகிறோம். ஒவ்வொரு கவுண்டிக்கும் கோட் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?
வாசகி, சிகாகோ

வேண்டாம். பயணத்தில் ‘எனி’யில் வைத்துவிடுங்கள், ராலே வாசகியின் கணவர் கோபிக்க மாட்டார். ஐம்பது அறுபது மைலுக்கு ஒருமுறை குரல் மங்கும், அப்போது ஏழு எண்ணையும் ஒரு சுற்று சுற்றி வலுவானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: எச்சரிக்கையில் ஊர் பெயரைவிடக் கவுண்டி பெயரைத்தான் அதிகம் சொல்வார்கள், நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது எந்தக் கவுண்டி என்று தெரியாவிட்டால் கேட்டும் பயனில்லை. நெடுஞ்சாலையில் எல்லை தாண்டும்போது கவுண்டி பெயர்ப் பலகை வரும், பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் அதைப் படித்துச் சொல்லும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.