சோலார் பேனலின் மேல் நானோ பூச்சு பூசலாமா?

கேள்வி: நாமக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் அமைப்பு உள்ளது. லாரிகள் ஓடும் சாலை அருகில் இருப்பதால் தூசி அதிகம். பேனல்களுக்கு நானோ கோட்டிங் செய்தால் தூசி ஒட்டாது, மின் உற்பத்தியும் 20 சதவீதம் கூடும் என்று ஒரு முகவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அண்மை ஆண்டுகளில் வாங்கிய பேனல் என்றால், அதன் கண்ணாடியில் நானோ பூச்சு ஒன்று பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. இந்த இழப்பைக் குறைக்க, நுண்ணிய சிலிக்காத் துகள்களாலான, ஏறத்தாழ 100 முதல் 150 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தைத் தொழிற்சாலையிலேயே பூசி, கண்ணாடியைப் பதப்படுத்தும் உலையின் கடும் வெப்பத்தில் இறுகச் செய்கிறார்கள். துகள்களுக்கு இடையே காற்று நிறைந்த நுண்துளைகள் இருப்பதால், அப்படலத்தின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) காற்றின் 1-க்கும் கண்ணாடியின் 1.5-க்கும் இடையில் அமைந்து, 2 முதல் 3 சதவீதம் வரை கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது.

என் தயக்கத்துக்குக் காரணம் இந்தத் துளைகள்தான். சிலிக்கோன் அல்லது ஃபுளோரின் சேர்ந்த நீர்விலக்கும் திரவத்தை மேலே தடவும்போது அது துளைகளுக்குள் இறங்கி அவற்றை அடைத்துவிட்டால், தொழிற்சாலைப் பூச்சின் பயனை நாமே காசு கொடுத்து இழந்தவர்களாவோம். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த பூச்சுகள் சூரிய ஒளியில் கரிம அழுக்கைச் சிதைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியை விட மிக அதிகம் என்பதால், பூச்சு தடித்தால் எதிரொளிப்பு கூடும்.

அடுத்து அந்த 20 சதவீதம். மேற்பரப்பில் எதிரொளிப்பால் இழப்பதே 4 சதவீதம்தான் எனும்போது, சுத்தமான பேனலில் எந்தப் பூச்சும் அவ்வளவு கூட்டித்தர முடியாது. பூசுவதற்கு முன் பேனலை நன்றாகக் கழுவுவார்கள்; அழுக்கேறிய பேனலின் அளவையும் பூசிய பின் உள்ள அளவையும் ஒப்பிட்டால், கழுவியதன் பலன் பூச்சின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தூசி ஒட்டாது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நீர்விலக்கும் பரப்பில் துளி உருண்டோடினால்தான் தூசியை அள்ளிச் செல்லும். அதற்கு மழையும் போதிய சாய்வும் வேண்டும். தமிழ்நாடு 8 முதல் 13.5 பாகை அட்சரேகைக்குள் இருப்பதால் பேனல்களைக் குறைந்த சாய்வில்தான் பொருத்துகிறோம். மழையில்லாத மாதங்களில் பனித்துளி உருளாமல் அங்கேயே காய்ந்து, தூசியைப் புள்ளிகளாக விட்டுச்செல்லும் வாய்ப்பும் இருக்கிறது.

ஆகவே முதலில் பேனல்களை நீங்களே கழுவுங்கள். வெயில் ஏறும் முன் அதிகாலையில், மென்மையான துடைப்பானும் சோப்பில்லாத நீரும் போதும். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் வெள்ளைக் கறை படியும் என்பதால், சேமித்த மழைநீரையோ மென்னீரையோ பயன்படுத்துங்கள். கழுவுவதற்கு முன்னும் பின்னும் மேகமற்ற சில நாட்களின் யூனிட் கணக்கை இன்வெர்ட்டரில் பார்த்துக் குறித்துக்கொண்டால், தூசியால் உண்மையில் எவ்வளவு இழக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

அதன் பிறகும் முகவர் வற்புறுத்தினால், செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று கொண்டால், உங்கள் அமைப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,400 யூனிட் தரும். பூச்சு 3 சதவீதம் மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொண்டாலும் அது 130 யூனிட் அளவில்தான் இருக்கும். அதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கி, வெயிலிலும் தேய்ப்பிலும் பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்று முகவர் எழுத்தில் உறுதி தருகிறாரோ, அத்தனை ஆண்டுக் கணக்கோடு அவர் கேட்கும் தொகையை ஒப்பிடுங்கள்.

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சே இல்லாத பழைய பேனல்களுக்கும், ஆள் ஏறிக் கழுவ முடியாத உயரக் கூரைகளுக்கும் இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். எந்த நிலையிலும், பணம் கொடுப்பதற்கு முன் பேனல் தயாரிப்பாளருக்கு எழுதி, குறிப்பிட்ட அந்தப் பூச்சினால் உத்தரவாதம் பாதிக்கப்படாது என்ற பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.