கூத்து எந்த மண்டபத்தில்?

வணக்கம்.

வங்கி வேலையில் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்தவன் நான். வெள்ளவத்தையில் இருந்தபோது சனி, ஞாயிறு வந்தால் தமிழ்ச் சங்கத்திலோ வேறெங்கோ ஒரு நாடகம், ஒரு நூல் வெளியீடு என்று ஏதாவது இருக்கும். இங்கே கோட்டையைப் பார்த்தேன், அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. கல்லடிப் பாலத்தில் நின்று மீன் பாடுகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். அதன் பிறகு விடுமுறை நாளெல்லாம் அறையில்தான் கிடக்கிறேன். கூத்துக்குப் பேர்போன ஊர் என்கிறார்கள், ஒரு சுவரொட்டிகூடக் கண்ணில் படவில்லை. எந்த மண்டபத்தில், எப்போது நடக்கிறது?

ம., புளியந்தீவு

அன்புள்ள ம.,

முதலில் மீன். பாலத்தில் நின்றால் லொறிச் சத்தம்தான் கேட்கும். நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்க வேண்டும் என்பார்கள் பழைய ஆட்கள்.

கூத்துக்கு வருவோம். அது இங்கே வயலின் கணக்கில் நடக்கிற காரியம். பெரும்போகம் வெட்டி, நெல்லை விற்று, கடனைக் கட்டி, கையில் கொஞ்சம் காசும் இரவில் கொஞ்சம் ஓய்வும் வந்த பிறகுதான் 'இந்த முறை என்ன கூத்துப் போடுவம்' என்ற பேச்சே ஊரில் எழும். அதுவும் பெரும்பாலும் வாவிக்கு மேற்கே, படுவான்கரை ஊர்களில். அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்த செய்திக்கு அவர்கள் ஏன் புளியந்தீவில் சுவரொட்டி ஒட்டப் போகிறார்கள்?

ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் யாருக்கும் வாய்க்காத இடம். பயிர்க்கடன் கட்டவும் அடகு நகை மீட்கவும் உங்கள் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறாரே ஒருவர், அவரே கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாராக இருக்கலாம். போன வருஷம் தருமராக ஆடியவர் ஐயாயிரம் ரூபாய்த் தாளை எண்ணிக்கொண்டு நிற்கலாம். 'உங்கட ஊர்ல இந்த முறை கூத்துப் பழகிறாங்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும். வந்தவர்களை மந்திரம் போட்டுப் பாயில் ஒட்டவைத்துவிடும் ஊர் என்று எங்களைப் பற்றிக் கொழும்பில் உங்களுக்கு எச்சரித்திருப்பார்கள். பாயை விரிக்க ஒரு கேள்வியாவது கேட்க வேண்டுமல்லவா?

என் யோசனை, அரங்கேற்றத்துக்குக் காத்திருக்காமல் பழக்கத்துக்கே போய்விடுங்கள். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாட வேண்டிய பாட்டை எழுதிக் கொடுப்பது. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். கோயில் வெளியிலோ யாருடைய வளவிலோ ஒரு மின்குமிழ் தொங்கும். நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், சுற்றிப் பையன்கள் வெறுங்காலோடு மணலில் தாளக்கட்டுக்கு மிதிப்பார்கள். சதங்கை இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள், அதற்குத் தனியே சதங்கை அணி விழா இருக்கிறது. ஒரு பையன் துரிதத்தில் கால் தவறுவான். அண்ணாவியார் வாய் திறக்க மாட்டார், மத்தளத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்துவார். அவர் பேசுவதற்கு முன்னால், கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் அப்பு அந்த அடியை வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார். இருபது வருஷத்துக்கு முன் அதே பாத்திரத்தை ஆடியவராக இருக்கும். நீங்கள் புதுமுகம் என்பதால் யாராவது ஒரு அம்மா 'இந்தாங்க மனே, தேத்தண்ணி' என்று கோப்பையை நீட்டுவார். அந்தப் பையன் அரங்கேற்றத்தன்று கிரீடமும் கரப்புடுப்பு என்கிற கூத்துடையுமாக வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், ஏறும்போது உங்களுக்கும் நெஞ்சு படபடக்கும். டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தால் அது கிடைக்காது.

மண்டபம்தான் வேண்டும் என்றால் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மார்ச் 27, உலக நாடக தினத்தையொட்டி அந்தப் பக்கம் விசாரியுங்கள். விழா மேடைகளில் பத்து நிமிடத்துக்கு வெட்டிக் காட்டுகிறார்களே, அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விடிய விடிய ஆட வேண்டியதை வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் நடுவில் செருகினால் வேறெப்படி இருக்கும்?

கூத்து இல்லாத மாதங்களுக்கும் குறைவில்லை. வைகாசியில் கண்ணகி கோயில்களில் சடங்கு. பல கோயில்களில் கதவு திறப்பதே வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான். இரவில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரையைப் படிப்பார்கள், கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் கோபத்தைப் பாடியே தணிக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம், அது உங்கள் அறையிலிருந்து கிட்டத்தான். தெற்கே அம்பாறைப் பக்கம் போனால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் பாரதக் கதையே சடங்காக நடந்து தீமிதிப்பில் முடியும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றம் இஸ்லாமிய மாதக் கணக்கில் வருவதால் தேதி ஒவ்வொரு வருஷமும் முன்னே நகரும், உடன் வேலை செய்யும் முஸ்லிம் நண்பரைக் கேட்டால் சொல்வார்.

கோட்டை அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது என்றீர்கள். கல்லை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருஷத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை அது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும் 1638இல் இங்கேதான். போர்த்துக்கேயர் போய் ஏறக்குறைய 390 வருஷம் ஆகிறது, ஆனாலும் அவர்கள் மொழியின் மிச்சத்தை வீட்டில் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கின்றன. தச்சுவேலையும் இரும்புவேலையும் அவர்களுடைய பழைய தொழில்கள். ஒரு கதிரை திருத்தக் கொடுக்கப் போனால் கோட்டையின் மிச்சக் கதையும் கிடைக்கலாம். அவர்களுடைய கல்யாண வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள், கப்ரிஞ்ஞா ஆட்டத்தை அங்கேதான் பார்க்க வேண்டும்.

சரி, போக்குவரத்து. மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது சுலபம். மண்டூருக்குக் குருமண்வெளியிலிருந்து 'பாதை'யில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறலாம், மோட்டார் சைக்கிளையும் ஏற்றுவார்கள். ஆனால் படுவான்கரையில் யானைத் தொல்லை கடுமை, நடுச்சாமத்தில் தனியாகத் திரும்பி வர வேண்டாம். கூத்து முடிய எப்படியும் விடிந்துவிடும். அங்கேயே முகம் கழுவிவிட்டு முதல் பஸ்ஸில் வாருங்கள், அடுத்த நாளுக்கு லீவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.