கணவரின் தாத்தா சாமியாடினார். எங்களுக்குக் குழந்தை இல்லாதது அந்தச் சாபமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 31 வயது. திருமணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, திருச்செந்தூர் பக்கம். என் கணவரின் தாத்தா ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன் சுடலைமாடன் கோவிலில் கோமரத்தாடியாக, அதாவது சாமியாடியாக இருந்தவர். அதனால் நான்கு தலைமுறைக்குக் கர்ப்பத்தைக் கட்டும் சாபம் இருப்பதாக, வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியர் சொல்கிறார். இரண்டு பக்கத்து முன்னோர்களின் பாவங்களையும் ஒரு படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். அடுத்த மாதம் வீட்டைச் சுத்திகரிக்க வருவாராம். என் பாட்டி தந்த லட்சுமி காசுமாலையை அன்று ஒப்புக்கொடுத்துவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டில் கோவில் கொடைக்கு (திருவிழாவுக்கு)ப் பொங்கியதை வாங்கிச் சாப்பிட்டதும் தப்பு என்கிறார். அத்தைக்கு அவர்மேல் ரொம்ப நம்பிக்கை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: காசுமாலையைக் கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அந்த ஊழியர் உங்களுக்குக் காட்டிய வசனம் யாத்திராகமம் 20:5 ஆகத்தான் இருக்கும். பிதாக்களுடைய அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர் என்கிற வசனம். இவர்கள் எல்லோரும் அந்த இடத்தோடு விரலை எடுத்துவிடுவார்கள். அதே வசனத்தில் 'என்னைப் பகைக்கிறவர்களை' என்று இருக்கிறது. அடுத்த வசனத்தில், அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்று இருக்கிறது. நாலையும் ஆயிரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பூட்டனும் கொள்ளுப்பேரனும் ஒரே குடும்பமாகக் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். பெரியவர் விக்கிரகத்துக்குப் போனால் வீடே போகும், வந்த வினையையும் வீடே அனுபவிக்கும். நாலு தலைமுறை என்பது அந்தக் கூட்டுக்குடும்பத்தின் அளவு. பேரப்பிள்ளையின் கர்ப்பப்பைக்குப் போட்ட பூட்டு அல்ல.

இந்த வசனத்தை இப்படிப் பிடித்துக்கொண்டு புலம்புகிறவர்கள் எசேக்கியேல் காலத்திலும் இருந்தார்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று ஒரு பழமொழியே வைத்திருந்தார்கள். அந்தப் பழமொழியை இனிமேல் சொல்லாதே என்று கர்த்தர் ஓர் அதிகாரம் முழுக்கப் பேசுகிறார். எசேக்கியேல் 18. அத்தைக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

கோமரத்தாடி தாத்தாவுக்கு வருவோம். ஆபிரகாமின் தகப்பன் தேராகு வேறே தேவர்களைச் சேவித்தவன் என்று யோசுவா 24-ல் எழுதியிருக்கிறது. ஆபிரகாமுக்கும் வெகுகாலம் குழந்தை இல்லை. ஈசாக்கு பிறக்கும்போது அவருக்கு வயது நூறு. ஆனாலும் 'உன் அப்பன் செய்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவா' என்று கர்த்தர் ஒருநாளும் கேட்கவில்லை. மோசேக்கு எதிராக எழும்பிய கோராகைப் பூமி விழுங்கியது. அவன் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26 சொல்கிறது. அந்த வம்சத்தார் பேரில் இருக்கிற 84-ஆம் சங்கீதத்தை இன்றைக்கும் ஆராதனையில் வாசிக்கிறோம். நம் பக்கத்துக் கதையும் அதுதானே? 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். மிஷனரி கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தது 1841. வெகுகாலம் முன்பே கிறிஸ்தவர்களான கடற்கரைப் பரதவர்களை விட்டுவிட்டால், தென்பாண்டிச் சீமையில் எந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தைத் தோண்டினாலும் சில தலைமுறைக்குள் ஒரு சுடலைமாடனோ இசக்கியம்மனோ வந்தே தீரும். அதெல்லாம் கர்ப்பத்தைக் கட்டும் என்றால் நம் பக்கத்து நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் ஞாயிறு பள்ளியே நடந்திருக்காது.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. குருவானவர் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு வீட்டில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மங்கலான ஜெராக்ஸ். பெயர், உறவுமுறை, செய்த பாவம், இறந்த விதம் என்று நாலு கட்டம். கீழே சின்ன எழுத்தில், பூர்விகச் சொத்து யார் பேரில் இருக்கிறது என்று ஒரு கேள்வி! சாபத்துக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு அப்பா அம்மா இரண்டு பேர், தாத்தா பாட்டிமார் நாலு, அதற்கு மேலே எட்டு, அதற்கும் மேலே பதினாறு. மொத்தம் முப்பது. கணவன் மனைவி இருவருக்கும் அறுபது. அறுபது பேரில் ஒருவர்கூடக் குடிக்காமல், குறி கேட்காமல், வரப்பைத் தள்ளி வெட்டாமல், அகால மரணம் அடையாமல் இருந்த குடும்பம் உலகத்தில் உண்டா? யார் எழுதிக் கொடுத்தாலும் அதில் ஒரு 'சாபம்' அகப்படும். அப்புறம், நீங்களே எழுதிக் கொடுத்ததை மூன்று வாரம் கழித்து, 'கிணற்றில் விழுந்த ஒரு பெண்ணை ஆவியானவர் காட்டுகிறார்' என்று கண்ணை மூடிக்கொண்டு உங்களிடமே திருப்பிச் சொல்வார்கள். அத்தை அழுதுவிடுவார். எழுதிக் கொடுத்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால், இனி அந்த ஊழியர் 'வெளிப்பாடு' என்று எதைச் சொன்னாலும் அந்தத் தாளில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசுமாலைக்கு அவர் உபாகமம் 7-ஆம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார். விக்கிரகத்தைச் சுட்டெரி, அதிலுள்ள பொன்னை இச்சியாதே என்று இருக்கிறது. இச்சியாதே என்பது ஊழியருக்கும் சேர்த்துத்தான். அப்போஸ்தலர் 19-ல் எபேசு பட்டணத்தார் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்தபோது அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. எல்லோருக்கும் முன்பாக எரித்தார்கள், யாரும் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. உங்கள் வீட்டில் 'ஒப்புக்கொடுக்கிற' பொன் எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கொடுத்த மாலை, எடை குறைந்து, இரண்டு வளையலாக ஒரு ஊழியர் வீட்டம்மாவின் கையில் திரும்பி வந்தது. மாலையைச் செய்த ஆசாரியிடமே உருக்கக் கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் தெரியவந்தது.

காசில் உருவம் இருந்தால் தீட்டா? வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு பணத்தை வாங்கிப் பார்த்தாரே, அதில் இராயனுடைய, அதாவது ரோமப் பேரரசனுடைய உருவம் இருந்தது. அந்தக் காலத்து திபேரியு இராயனின் நாணயத்தில், தெய்வமான அகுஸ்துவின் மகன் என்றே பொறித்திருந்தது. இதைத் தூர எறியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பவுல் ரோமாபுரிக்குப் போன கப்பலின் அடையாளம் மிதுனம், அதாவது கிரேக்கரின் இரட்டைத் தெய்வங்கள். வேறு கப்பல் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. போட்டுக்கொள்ள மனசு கூசுகிறது என்றால் நீங்களே நின்று உருக்கி வேறு நகையாகச் செய்துகொள்ளுங்கள். ஆசையாக இருந்தால் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். பாட்டி தந்தது.

பக்கத்து வீட்டுப் பொங்கலுக்கு 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை வாசியுங்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார் பவுல். சாப்பிட்டதால் வயிற்றுக்குள் எதுவும் நுழைந்துவிடவில்லை. அத்தை கலங்குவார் என்றால் அவர் முன்னால் சாப்பிடாதீர்கள், பவுல் சொல்கிற எச்சரிக்கையும் அந்த மாதிரிதான். கண்ணேறு, திருஷ்டி, வாசலில் கிடந்த எலுமிச்சம்பழம் எல்லாவற்றுக்கும் நீதிமொழிகள் 26:2 போதும்: காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது.

ஒரே ஒரு விஷயத்தில் அந்த ஊழியர் சொல்வதில் பாதி சரி. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் குருவானவர் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறார் என்று கிளப்பிவிடுவார்கள். தாத்தா செய்தது அல்ல, நீங்களோ உங்கள் கணவரோ அத்தையோ செய்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது, யாரோ சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு மந்திரவாதியிடம் போய்த் தகடு எழுதி வாங்கி வந்தீர்களா? வெட்கப்பட வேண்டாம், சபை மூப்பர்கள் வீட்டிலேயே நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் வாசல் நிலைக்கு மேலே வசன காலண்டர் தொங்கியது. காலண்டரைத் தூக்கினால் பின்னால் செப்புத்தகடு, நாலு மூலையிலும் ஆணி. இன்னொரு வீட்டில் வேதாகமத்தின் ரெக்சின் உறைக்குள்ளேயே இருந்தது. அப்படி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். தகட்டுக்குச் சக்தி இருக்கிறது என்பதற்காக அல்ல. ஒரு கையில் ஜெபமும் ஒரு கையில் தகடும் வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு இரவில் தூக்கம் வராது என்பதற்காக. தாயத்துக்கும் இதுதான். அரைஞாணில் கோத்த குப்பிக்கும் இதுதான். தலையணைக்கடியில் வைக்கிற ஜெப எண்ணெய்க் குப்பிக்கும், முந்நூறு ரூபாய்க்கு விற்கிற 'அபிஷேகக் கைக்குட்டை'க்கும்கூட இதேதான், அதையும் சேர்த்தே சொல்கிறேன். எடுப்பதற்கு ஆள் வர வேண்டியதில்லை. உபவாசம், எண்ணெய், மைக் செட் எதுவும் வேண்டாம். ஆணியைப் பிடுங்குங்கள், 'ஆண்டவரே, பயந்து செய்துவிட்டோம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், தகட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். செம்புக்கு நல்ல விலை கிடைக்கும்.

இதையெல்லாம் உங்கள் குருவானவர் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு எங்கே நேரம்? டயோசீசன் (திருமண்டல) தேர்தல் வந்தால் ஆறு மாதம் அதில் போகிறது, வழக்கு வந்தால் இன்னும் ஆறு மாதம், அதற்குள் மாறுதல் ஆர்டர் வந்துவிடும். என்னையும் சேர்த்தே குறை சொல்கிறேன். இறையியல் கல்லூரியில் பதினொரு வருடம் பழைய ஏற்பாடு நடத்தினேன். எபிரெயு வினைச்சொல்லைப் பத்து விதமாகப் பிரித்துக் காட்டினேன். 'ஐயா, செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று ஒரு பெண் அழுதுகொண்டு வந்தால் என்ன பேசுவது என்று ஒரு வகுப்புக்கூட எடுக்கவில்லை. நாங்கள் விட்ட இடத்தில் படிவக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கத்தோலிக்கரிடம் பேயோட்டுவதற்கு மேற்றிராணியாரின் (ஆயரின்) வெளிப்படையான அனுமதி வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தலைமுறைப் பாவத்திலிருந்து குணமாக்குகிறோம் என்ற பெயரில் நடந்த பூசைகளைப் போலந்து நாட்டு ஆயர்கள் 2015-ல் தடையே செய்துவிட்டார்கள். நம் பக்கம் விசிட்டிங் கார்டு அச்சடிக்கத் தெரிந்தால் போதும். 1954-லேயே மந்திரத் தீர்வு விளம்பரங்களுக்கு எதிராக மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது, பெண்களின் மலட்டுத்தன்மையும் அதன் பட்டியலில் இருக்கிறது. சுவரொட்டியைக் கிழிக்கக்கூட ஆள் இல்லை.

வேதாகமத்தில் குழந்தைக்காகக் காத்திருந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். சாராள், ரெபெக்காள், ராகேல், அன்னாள், எலிசபெத்து. எலிசபெத்தும் சகரியாவும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள் என்று எழுதிவிட்டு, உடனே அடுத்த வசனத்தில் பிள்ளை இல்லை என்று எழுதுகிறார் லூக்கா. அன்னாள் அழுது ஜெபித்தபோது, எதிரில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆலயத்தில் இருக்கிறவர் சொல்லிவிட்டார் என்பதற்காக அது சரியாகிவிடாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, அதைத்தான் நான் முதலில் தேடினேன். உங்கள் கணவருக்குப் பரிசோதனை செய்தீர்களா? நான் மருத்துவன் இல்லை. ஆனால் முப்பது வருடம் வீடு வீடாகச் சந்திப்புக்குப் போனவன். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் எத்தனை வீட்டில் மனைவிக்கு நாலு ஸ்கேன் முடிந்தும், கணவரின் விந்துப் பரிசோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை! அது எளிய சோதனை, பெரிய செலவும் இல்லை, இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினை வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. அவர்கள் எல்லோருடைய தாத்தாவும் கோமரத்தாடி இல்லை.

அத்தையோடு சண்டை போடாதீர்கள். அவருக்கும் பேரப்பிள்ளை ஏக்கம்தான். ஊழியர் வருகிற தேதிக்கே மருத்துவரிடம் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அன்று வீட்டில் ஆள் இல்லை என்று உங்கள் கணவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய் வெளியே நாற்காலியில் உட்காரவையுங்கள், கையில் சங்கீதப் புத்தகத்தைக் கொடுத்து.