மகன் சேர்க்கும் புள்ளியும், மீனாட்சியில் காணாமல் போன புள்ளியும்

அண்ணே, வணக்கம்.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்லைத் தேய்க்கிறான், கேட்டா டெஸ்டிங்னு சொல்றான். பாயிண்ட் வருது, மெடல் வருதுங்கிறான். இது வேலையா, விளையாட்டா?" என்று உங்கள் மகனைப் பற்றிப் போன சனிக்கிழமை கேட்டீர்கள். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அன்று முழுசாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆப்களில் பிழை கண்டு சொன்னால் புள்ளி தரும் தளம் ஒன்றில் அவன் சேர்ந்திருக்கிறான், அதைப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூடக் கட்டச் சொல்லவில்லை. டெலிகிராமில் கூப்பிட்டு, "டாஸ்க் முடிச்சா காசு" என்று முதல் நாள் 200 ரூபாய் அனுப்பி ஆசை காட்டி, மூன்றாம் நாள் 5,000 டெபாசிட் கேட்கும் கும்பல்கள் இருக்கின்றன. இது அந்த வகை இல்லை. சோதிக்கிறவனிடம் காசு கேட்டால் அது மோசடி. இது ஒன்றை மட்டும் நீங்களே கவனித்துக்கொண்டால் போதும்.

இனி புள்ளிக் கணக்கு. சாஃப்ட்வேரில் பிழை பார்ப்பது சலிப்பான வேலை. ஒரே திரையை நூறு தடவை திறந்து மூட வேண்டும். அதற்கு ஆளை இழுக்கத்தான் இந்த விளையாட்டு ஏற்பாடு. விண்டோஸ் 7 தயாரானபோது மைக்ரோசாஃப்ட் இதைப் பெரிய அளவில் செய்தது. பல மொழிகளில் வந்த திரைகளைப் படித்துத் தப்பைக் குறிக்கும்படி, உலகம் முழுக்க இருந்த தன் ஊழியர்களையே ஒரு விளையாட்டில் இறக்கிவிட்டது. சுமார் 4,500 பேர், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திரைகளைப் பார்த்தார்கள். எந்த மொழிக்காரர் முன்னால் நிற்கிறார் என்று பட்டியல் வேறு. ஜப்பான் அலுவலகம் ஒரு நாள் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதிலேயே உட்கார்ந்து முதலிடம் பிடித்தது.

ஆனால் கவனியுங்கள், அங்கே கேட்கப்பட்டது தாய்மொழி படிக்கிற எவராலும் முடிகிற காரியம். உங்கள் தையல் கடைக் கணக்கிலேயே சொல்கிறேன். காஜா எடுக்கிற பையனுக்குப் பீஸ் கணக்கில் கொடுக்கிறீர்கள், சரி. துணி வெட்டுகிற மாஸ்டருக்குப் பீஸ் கணக்கு வைத்தால் என்ன ஆகும்? நாளைக்கு நாற்பது சட்டை வெட்டுவார், ஒன்றிலும் கை ஏறாது. தம்பி இப்போது செய்வது காஜா. அவன் மாஸ்டர் ஆக வேண்டும்.

அவன் அனுப்பிய ரிப்போர்ட்களை என் மேஜையில் வைத்தே பார்த்தோம். மொத்தம் 60 இருக்கும், ஏற்கப்பட்டது பத்துகூட இல்லை. பாதி, வேறு யாரோ முன்பே சொன்னவை. மீதியில் பலவும் "ஆப் ஓப்பன் ஆகல, சீக்கிரம் சரி பண்ணவும்" ரகம். எந்த போன், எந்த வெர்ஷன், எதை அழுத்தியபோது என்று எதுவுமே இல்லை. புள்ளிக்காக அள்ளிவிட்டது. (ஏற்கப்படாத ரிப்போர்ட்டுக்குப் புள்ளியைக் குறைக்கும் தளங்களும் உண்டு, அவற்றின் மீது எனக்கு மரியாதை அதிகம்.)

அந்தக் குவியலில் ஒன்று மட்டும் என்னை நிமிர வைத்தது. ஒரு பில் போடும் ஆப். வாடிக்கையாளர் பெயரில் 'மீனாட்சி' என்று அடித்திருக்கிறான். திரையில் சரியாக வருகிறது. பிடிஎஃப் ஆக்கினால் 'மீனாடசி' என்று நிற்கிறது. 'ட்' மேலே இருந்த புள்ளி போய்விட்டது. தம்பி அதோடு விடவில்லை. வேறு ஃபோனில் போட்டுப் பார்த்திருக்கிறான், அங்கேயும் அதேதான். ஆங்கிலப் பெயரில் ஒன்றும் ஆகவில்லை. புள்ளி வருகிற வேறு ஐந்து சொற்களைக் கொடுத்து, எல்லாவற்றிலும் விழுகிறது என்று உறுதி செய்து, படத்தோடு வரிசையாக எழுதியிருக்கிறான். இதற்கு அவனுக்குக் கிடைத்தது 5 புள்ளி. தினமும் உள்ளே நுழைந்தாலே 10 புள்ளி தருகிறார்களாம்! நாளைக்கு நேர்முகத் தேர்வில் ஒரு டெஸ்ட் லீட் (சோதனைக் குழுவின் தலைவர்) கேட்பது இந்த 5 புள்ளிக் கதையைத்தான். தங்க மெடலை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பரிசு சிறிதாக இருப்பது குறையே இல்லை. டொனால்டு குனூத் என்ற கணினி மேதை, தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் செக் எழுதிக் கொடுத்தார். வாங்கியவர்கள் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். குனூத்துக்கே எட்டாத பிழை என் கண்ணில் பட்டது என்பதற்கு அது அத்தாட்சி. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கர்ல் என்ற ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்காரர்கள், பாதுகாப்பு ஓட்டை கண்டு சொன்னால் பணம் என்று 2019-இல் தொடங்கிய திட்டத்தை 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். ஏஐயிடம் எழுதி வாங்கிய வெற்று ரிப்போர்ட்கள் குவிந்து, படித்து மாளவில்லை. தம்பியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவனும் சாட்ஜிபிடியில் எழுதப் பார்ப்பவன்தான்.

இன்னொன்றும் அவன் காதில் அழுத்திப் போட வேண்டும். கூப்பிட்டவர் வீட்டில், கூப்பிட்ட அறையில் மட்டும்தான் சோதனை. புள்ளி ஆசையில் ஏதாவது பேங்க் தளத்தையோ கல்லூரி மார்க் தளத்தையோ அனுமதி இல்லாமல் நோண்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். "நல்லதுக்குத்தான் சார் பார்த்தேன்" என்று ஸ்டேஷனில் சொல்லி நிரூபிப்பதற்குள் டிகிரி முடிந்துவிடும்.

செல்லைப் பிடுங்காதீர்கள். இரவு பதினோரு மணிக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். பிசிஏ முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதற்குள் தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்க்யூஎல்லும், புரோகிராம் எழுதப் பைத்தானோ ஜாவாவோ ஒன்றும், சோதனையைத் தானாக ஓட வைக்கும் செலினியம் கருவியும் கைக்கு வந்துவிட வேண்டும். கையால் மட்டும் சோதிக்கத் தெரிந்தவனுக்கு மதுரை ஐடி பூங்காக்கள் இருக்கிற வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ, ஏன் சென்னையிலுமே, கதவு லேசில் திறக்காது. ஐஎஸ்டிகியூபி என்ற, மென்பொருள் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழின் அடிப்படைத் தேர்வைக் கடைசி வருடத்தில் எழுதட்டும். 40 கேள்வி, ஒரு மணி நேரம், 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே படிக்கலாம். அதற்கென்று 40,000 கட்டி கோச்சிங் போக வேண்டியதில்லை. "நூறு சதவீத வேலை உறுதி" என்று போர்டு வைத்திருந்தால் அந்தப் படியே ஏறாதீர்கள்.

ஒரு வேலை உங்களுக்கும் தருகிறேன். வாரம் ஒரு ரிப்போர்ட்டை அவன் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். கம்ப்யூட்டர் தெரியாதே என்று யோசிக்காதீர்கள். தைத்த சட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் எங்கே விட்டிருக்கிறது என்று விரல் வைக்கிற ஆள் நீங்கள். அவன் எழுதியது உங்களுக்குப் புரியவில்லை என்றால், புரோகிராமருக்கும் புரியாது.

அடுத்த சனிக்கிழமை அவனை மட்டும் அனுப்புங்கள், கடையை விட்டு நீங்கள் வர வேண்டாம். லேப்டாப் தேவையில்லை. அந்த மீனாட்சி ரிப்போர்ட்டையும், தள்ளுபடியானதில் இரண்டையும் பிரிண்ட் எடுத்து வரட்டும். பிரிண்டிலாவது புள்ளி விழாமல் இருக்கிறதா என்று முதலில் அவனே பார்த்துக்கொள்ளட்டும்.